நாயைக் குளிப்பாட்டும் முறை: காவிரி டெல்டா வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்களில் வளரும் நாய்க்கு அழுக்கைக் காட்டிலும் ஈரமே பெரிய தொல்லை. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது காற்றே நனைந்து கிடக்கும். அந்த நாட்களில் அடர்ந்த மயிருள்ள நாயைக் குளிப்பாட்டினால் அதன் அடிமயிர் உலர வெகுநேரம் ஆகும். அப்படித் தங்கிவிடும் ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, தோல் அரிப்பு, முடி உதிர்வு, காதில் சீழ், விரலிடுக்கில் புண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஆகையால் இந்த வழிகாட்டியில் ஷாம்பு தேய்ப்பதைவிட, தண்ணீர் படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கும் குளித்தபின் உலர்த்துவதற்கும் அதிக இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

எப்போது குளிப்பாட்டலாம், எப்போது கூடாது

வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமுள்ள வீடுகளில், நாய்க்கும் அதே கிழமையில் சோப்புப் போட்டுவிடுகிறார்கள். நோக்கம் நல்லதே, ஆனால் நாயின் தோலுக்கு அது தேவையில்லை. மயிர்க்கால்களில் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான் நாயின் தோலைக் காக்கிறது. அடிக்கடி சோப்புப் போட்டால் அந்தப் பசை போய், தோல் வறண்டு, பொடுகு உதிர்ந்து, நாய் முன்னிலும் அதிகமாகச் சொறியத் தொடங்கும். நாட்டு நாய், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டைமயிர் நாய்களுக்கு மாதம் ஒருமுறை குளித்தால் போதும். லாப்ரடார், பொமரேனியன் போன்று இரட்டை அடுக்கு மயிர் உள்ளவற்றுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் சேற்றில் புரண்டு வந்தால் அந்தச் சேற்றை மட்டும் கழுவிவிடுவதே நல்லது. டெல்டாவின் களிமண் ஈரமாக இருக்கும்போது தேய்க்கத் தேய்க்க மயிருக்குள் இறங்கும். காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டினால் பெரும்பகுதி தூளாக உதிர்ந்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளித்த வயலுக்குள் நாய் இறங்கி வந்திருந்தால், காயும்வரை காத்திருக்கக் கூடாது. நாய் தன் காலை நக்குவதற்குள், கையுறை அணிந்து, ஓடும் தண்ணீரில் கால்களையும் வயிற்றையும் உடனே கழுவிவிட வேண்டும். அதன்பின் எச்சில் ஒழுகுதல், நடுக்கம், தள்ளாட்டம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், தெளித்த மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும்.

எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும், ஏனெனில் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் திறன் அவற்றுக்கு இன்னும் முழுமையாக வந்திருக்காது. காய்ச்சல் உள்ள நாய், தையல் பிரிக்காத நாய், ஈனும் நாள் நெருங்கிய பெட்டை ஆகியவற்றையும் குளிப்பாட்டாமல் இருப்பதே நல்லது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் என்பதால், தொட்டதும் சுடுகிறது என்பதை மட்டும் வைத்து அதைக் காய்ச்சல் என்று முடிவு செய்ய இயலாது. சோர்வும் பசியின்மையும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிடரியில் சொட்டுவிடும் உண்ணி மருந்து போட்டிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் இடைவெளி கொடுப்பது வழக்கம். தடுப்பூசி போட்ட அன்று எத்தனை நாள் கழித்துக் குளிப்பாட்டலாம் என்று மருத்துவரிடமே கேட்டுவிடலாம்.

எந்தத் தண்ணீர், எந்த நேரம்

படித்துறையில் கொண்டுபோய் ஆற்றில் தள்ளிவிடுவது நம் பக்கத்தில் பழைய பழக்கம். நாய்க்கு நீச்சல் தெரியும் என்பது உண்மை. ஆனால் மதகுகளுக்கும் நீரொழுங்கிகளுக்கும் அருகில் இழுப்பு எவ்வளவு இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. அதன்பின் வாய்க்கால்களுக்கு வந்து சேரும் முதல் தண்ணீர், கோடையெல்லாம் அங்கே கிடந்த குப்பையையும் சாக்கடைக் கழிவையும் கண்ணாடிச் சில்லுகளையும் சேர்த்தே கொண்டுவரும். அந்த நீரில் நாயை இறக்காதிருப்பதே அறிவுடைமை. அணைக்கரைப் பகுதிக் கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து நாயோடு வருபவர்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் இதைவிடப் பெரிய ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலும் குட்டைநீரிலும் வாழும் கிருமி, நாயின் தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உள்ளே போய்க் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் அது தொற்றும். நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இந்த நோய்க்கான மருந்தும் அடங்கியிருப்பதால், உங்கள் நாய்க்குப் போட்டதில் அது இருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுபவரின் கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடாமல் தொடங்க வேண்டாம். பச்சைப் பசேலென்று பாசி படர்ந்த குட்டைநீரும் கூடாது. சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் நாயைக் கொல்லும் அளவுக்கு நஞ்சுடையவை.

எனவே கிணற்று நீர், குழாய் நீர், பம்புசெட்டிலிருந்து நேரே வரும் நீர் ஆகியவையே ஏற்றவை. பம்புசெட்டுக் குழாயின் வேகத்துக்கு நேரே நாயை நிறுத்தாமல், வாளியில் பிடித்து மொண்டு ஊற்ற வேண்டும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் ஷாம்பு நுரைக்காது, அலசிய பின்னும் தோலில் ஒரு வெள்ளைப் படிவு நிற்கும். அங்கே உள்ளவர்கள் கடைசி ஒரு வாளிக்கு மட்டுமாவது நல்ல தண்ணீரை ஒதுக்கி வைத்தால் நாயின் அரிப்பு வெகுவாகக் குறையும்.

நேரத்தையும் தண்ணீரின் சூட்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர் பிற்பகலில் கையைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். குழாயைத் திறந்த வேகத்தில் அதை நாயின் முதுகில் பீய்ச்சினால் தோல் வெந்துபோகும். கோடையில் காலை ஏழு மணிக்கு முன்போ, தொட்டியை ஒருமுறை புதுநீரால் நிரப்பிய பின்போ குளிப்பாட்டலாம். மார்கழியிலும் தையிலும் இதற்கு நேர்மாறாக, பனி விலகி வெயில் ஏறிய பிறகு பத்து மணியளவில் தொடங்கினால், நண்பகலுக்குள் உலர்த்த நேரம் கிடைக்கும். எக்காலத்திலும் முழங்கையின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும். வானம் மூடியிருக்கும் நாளில் குளியலைத் தள்ளிப்போடுவதில் தவறொன்றுமில்லை.

எதைக் கொண்டு தேய்ப்பது

மனிதத் தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. மேல்தோலின் அடுக்குகளும் நமக்கு இருப்பதைவிட அதற்குக் குறைவு. ஆகவே நம் குளியல் சோப்பும் ஷாம்புவும் அதற்குக் கடுமையானவை. துணி சோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாய்களுக்கென்று விற்கும் மணம் குறைந்த ஷாம்பு ஒன்றை வாங்கிக்கொள்வதே சிக்கனமும்கூட, ஏனெனில் அதை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்துதான் பயன்படுத்த வேண்டியிருக்கும். சீயக்காய்த் தூள் போடலாமா என்று பலர் கேட்பார்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், அடிமயிரில் துகள் தங்கிவிடும் என்ற இரண்டு காரணங்களால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எண்ணெய் தேய்ப்பதும் வேண்டாத வேலை. அதைப் போக்க இரட்டிப்பு ஷாம்பு தேவைப்படும், நாய் நக்கி விழுங்கினால் வயிறு கழியும்.

பினாயில், மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய், தரை துடைக்கும் கிருமிநாசினி ஆகியவற்றை உண்ணிக்கு நல்லதென்று பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவை அனைத்தும் தோலைப் புண்ணாக்குவதோடு, நக்கும்போது உள்ளே சென்று நஞ்சாகவும் ஆகின்றன.

ஷாம்புவைத் தவிர வேண்டியவை கொஞ்சம்தான்: இரண்டு வாளி, ஒரு மக்கு, முகம் துடைக்க மெல்லிய துணி, பல் அகன்ற சீப்பு ஒன்று, பேன் சீப்பு ஒன்று, பஞ்சு, காய்ந்த துண்டுகள் மூன்று அல்லது நான்கு. பழைய வேட்டி துண்டைவிட நன்றாக ஈரம் உறிஞ்சும். எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். நனைந்த நாயை விட்டுவிட்டுத் துண்டு தேடி உள்ளே போனால், திரும்பி வருவதற்குள் அது கொல்லை மண்ணில் ஒரு புரளு புரண்டு முடித்திருக்கும்.

தண்ணீர் படுவதற்கு முன்

கொல்லைப்புறத்துச் சிமென்ட் தரையும் துவைக்கும் கல்லும் நனைந்தால் வழுக்கும். கால் வழுக்குவதுதான் பல நாய்கள் குளியலுக்கு அஞ்சுவதற்கு முதல் காரணம். தரையில் ஒரு கோணிச்சாக்கை நனைத்து விரித்து, அதன்மேல் நாயை நிறுத்துங்கள். பாதி அச்சம் அங்கேயே தீர்ந்துவிடும். உணவு கொடுத்து இரண்டு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். குளியலுக்கு முன் கொஞ்சதூரம் நடத்திக் கூட்டிவந்தால் சிறுநீர், மலம் கழித்து, உடலும் தளர்ந்து நிற்கும்.

கட்டுவதற்கு இரும்புச் சங்கிலி வேண்டாம். நைலான் பட்டையும் கயிறும் போதும், அதையும் கம்பத்தில் இறுக்கிக் கட்டாமல் வீட்டார் ஒருவர் கையில் பிடித்திருப்பது நல்லது. வாயை மூடிக் கட்டவே கூடாது. நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைப்பதன் மூலமே வெளியேற்றுகிறது; வாயைக் கட்டினால் அந்த வழி அடைபடும்.

அடுத்தது சீப்பு. மயிர்ச் சிக்கலை உலர்ந்த நிலையிலேயே பிரித்துவிட வேண்டும், நனைந்தால் அது இறுகித் திரியாகிவிடும். காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, வால் அடி ஆகிய இடங்களில்தான் சிக்கல் அதிகம். பிரிக்க முடியாத முடிச்சை வெட்டும்போது தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே சீப்பை வைத்துக்கொண்டால் தோல் வெட்டுப்படாது. சம்பா அறுவடை முடிந்த வயல்களிலும் வரப்புகளிலும் திரிந்து வரும் நாயின் உடலில் ஒட்டுப்புல், நாயுருவி விதை, நெருஞ்சி முள் ஆகியவை ஏறியிருக்கும். புல்லின் கூரிய விதை விரலிடுக்கில் குத்தி உள்ளே நகர்ந்து சீழ்க்கட்டியாகும், காதுக்குள் போனால் செவிப்பறைவரைகூடச் செல்லும். ஆகவே நான்கு கால்களின் விரல்களையும் விரித்து, காது மடலைத் திருப்பி, ஈறுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளியலின் உண்மையான பயன் இந்தச் சோதனைதான் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசியாக, காதின் வாயில் நெல்லிக்காயளவு பஞ்சை மென்மையாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தித் திணிக்க வேண்டாம், முடிந்ததும் எடுக்க மறக்கவும் வேண்டாம்.

குளிப்பாட்டுதல்

முதல் மக்குத் தண்ணீரைப் பாதத்தில் ஊற்ற வேண்டும். அடுத்து கால், தொடை, வயிறு, முதுகு, கழுத்து என்று மேலேறிச் செல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றினால் நாய் உதறும், ஓடும், சிலவேளை கடிக்கவும் செய்யும். மக்கை உடலை ஒட்டிப் பிடித்து ஊற்றினால் சத்தமும் தெறிப்பும் குறையும். இரட்டை மயிர் உள்ள நாயில் மேல்மயிர் நனைந்த பின்னும் உள்மயிர் காய்ந்தே இருக்கும். விரல்களால் மயிரைப் பிளந்து தோல்வரை தண்ணீர் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் இனத்தில் பிறவிச் செவிடு அதிகம் காணப்படுகிறது. அத்தகைய நாயின் பின்னாலிருந்து திடீரென்று தண்ணீர் ஊற்றாமல், அது பார்க்கும்படி முன்னால் வந்து, முதலில் கையால் தொட்டு, பிறகே ஊற்ற வேண்டும்.

நீர்த்த ஷாம்புவைக் கழுத்தைச் சுற்றி வளையமாக முதலில் போட வேண்டும். நனைந்ததும் உண்ணிகளும் தெள்ளுப்பூச்சிகளும் காதுக்கும் கண்ணுக்கும் ஓடப் பார்க்கும், அவற்றுக்கு அந்த நுரை ஒரு தடை. பிறகு மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே விரல்நுனியால், நகம் படாமல் தேய்த்துக்கொண்டு வாருங்கள். முதுகைப் பலமுறை தேய்த்துவிட்டு அடிவயிறு, அக்குள், விரலிடுக்கு, வாலின் அடிப்பகுதி ஆகியவற்றை விட்டுவிடுவதே எல்லோரும் செய்வது. அழுக்கும் கிருமியும் தங்குவது இந்த மறைவிடங்களில்தான். முகத்துக்கு ஷாம்பு வேண்டியதில்லை. ஈரத்துணியால் கண் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தால் போதும். மருத்துவர் எழுதிக்கொடுத்த பூஞ்சை ஷாம்புவாக இருந்தால், பெரும்பாலும் அது பத்து நிமிடமாவது தோலில் ஊறினால்தான் வேலை செய்யும். அந்த நேரத்தில் நாயை நக்கவிடாமல் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைக்க வேண்டும்.

இந்த நேரம் முழுவதும் நாயின் முகத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். உதட்டை நக்குதல், காரணமில்லாத கொட்டாவி, காதுகள் பின்னால் ஒட்டுதல், வாலை ஒடுக்குதல், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்த்தல் ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். அதட்டினால் அச்சம் கடியாக மாறும். கையை எடுத்துச் சற்றுநேரம் நின்று, பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுத்து, பிறகு தொடரலாம். மிகவும் அஞ்சும் நாய்க்கு அன்றைக்குக் கால்களை மட்டும் கழுவி முடித்துவிடுவதும் முன்னேற்றமே. தப்பித்தவறிப் பல் பட்டோ நகம் கீறியோ இரத்தம் வந்தால், வீட்டு நாய்தானே என்று விடாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அலசும்போது மேலிருந்து கீழாக, கழுத்திலிருந்து தொடங்க வேண்டும். வழிந்தோடும் நீர் தெளிந்த பின்னும் இன்னொரு வாளி ஊற்றுங்கள். நடுத்தர நாய்க்கு அலசுவதற்கு மட்டுமே மூன்று வாளிக்குக் குறையாமல் ஆகும். மயிரை இரு விரலால் உருவினால் வழுக்காமல் பிடிபட வேண்டும். தோலில் காய்ந்துபோன ஷாம்பு, அழுக்கைவிட மோசமாக அரிக்கும்.

உலர்த்துதல்

முதலில் நாய் தானாக உதறட்டும். அது உதறும்போதே மயிரில் உள்ள தண்ணீரில் பெரும்பகுதி தெறித்துப் போய்விடும். பிறகு துண்டை உடலில் வைத்து அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். அரக்கித் தேய்த்தால் நீண்ட மயிர் சிக்கலாகும். ஒரு துண்டு நனைந்ததும் அடுத்ததை எடுங்கள், நனைந்ததையே பிழிந்து பிழிந்து துடைப்பதில் பயனில்லை. பின்னர் வெயிலும் நிழலும் கலந்த திண்ணையிலோ மாடியிலோ சுத்தமான பாயை விரித்து நாயை அங்கே வைத்திருக்கலாம். வெள்ளைமயிரும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள நாய்களை நேர்வெயிலில் நெடுநேரம் விட்டால் தோல் கருகும். மழைக்காலமாயின் மின்விசிறியும், மிகக் குறைந்த சூட்டில் ஹேர் டிரையரும் துணை. டிரையரை ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைக்குக் காட்டுவதுபோல் சாம்பிராணிப் புகை காட்டும் வீடுகளும் உண்டு. நாயின் மூக்குக்கு அந்தப் புகை பெருந்தொல்லை, மயிரும் அதனால் உலர்வதில்லை.

உலர்ந்துவிட்டதா என்று மேல்மயிரைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாலின் அடியிலும் கழுத்துப்பட்டை இருந்த இடத்திலும் மயிரைப் பிளந்து, தோலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நனைந்த கழுத்துப்பட்டையை அது காயும்வரை மாட்ட வேண்டாம். காதுப் பஞ்சை எடுத்து, காதின் வெளிமடலைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். லாப்ரடார் போன்ற தொங்கு காது நாய்களுக்கு இது மிக முக்கியம். காதில் துர்நாற்றம், பழுப்பு நிற அழுக்கு, ஓயாத தலையாட்டல் இருந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிக்கலான தோல் நோய்களுக்கு ஒரத்தநாட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை இப்பகுதியினர் அணுகலாம்.

உண்ணி

குளியலால் உண்ணி ஒழியாது. நாயின் மேல் நாம் காண்பது ஒரு பகுதிதான். குருதி குடித்து முடித்த உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கட்டிலின் இடுக்கிலும் நாய்க்கொட்டகை மூலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய்க்கு மருந்திடும் அதே நாளில் அந்த வெடிப்புகளையும் பூசி அடைத்து, படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். உடலில் உள்ளவற்றைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். உண்ணி பரப்பும் காய்ச்சலில் ஈறு வெளிறும், மூக்கில் இரத்தம் வரும், சிறுநீர் அடர்நிறமாகும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது குளிப்பாட்டும் நாள் அல்ல.

தண்ணீரில் கலந்து ஊற்றும் உண்ணி மருந்துகளை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே, கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்த வேண்டும். மாட்டுக்கு வாங்கிய மருந்து கொட்டிலில் மிச்சம் இருக்கிறது என்று அதையே குத்துமதிப்பாகக் கலந்து நாய்க்கு ஊற்றுவது டெல்டாவின் மாட்டுத்தொழுவ வீடுகளில் எளிதில் நடக்கக்கூடிய பிழை. அளவு சற்று மிகுந்தாலும் நாய் நடுங்கி விழும். மீந்த கரைசலை வாய்க்காலில் கொட்டினால் மீன்கள் சாகும். ஆள் நடமாட்டமில்லாத, நீர்நிலைக்குத் தொலைவான இடத்தில் குழி தோண்டி ஊற்றி மூடிவிடுங்கள்.

வீட்டில் பூனையும் இருந்தால்

பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். எண்ணெயிலோ பெயின்ட்டிலோ விழுந்தால் தவிர அதற்குக் குளியல் தேவைப்படுவதில்லை. வயதாகி நக்க முடியாமல் போன பூனைக்கு ஈரத்துணித் துடைப்பே போதும். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் தாங்கிக்கொள்ளும் அந்த மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. அத்தகைய மருந்து போட்ட நாயின் அருகில் பூனை படுக்காதவாறும், அதன் மயிரை நக்காதவாறும், மருந்து முற்றிலும் உலரும்வரை இரண்டையும் வேறு வேறு அறைகளில் வைத்திருங்கள். நாயைத் துடைத்த துண்டையும் பூனை ஏறிப் படுக்கும் கொடியில் காயப்போட வேண்டாம்.